நந்தன் பெயரால் ஒரு பள்ளி

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் தோழர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருப்பூரிலே நின்று பேசுகிறவன் பருத்தியை மறந்துவிட்டுப் பேச இயலாது. கோனிலே சுற்றிய நூல் நிட்டிங் மிஷினில் ஏறித் துணியாகி, சாயப்பட்டறை சென்று திரும்பி, கட்டிங் மாஸ்டர் கைக்கும் டெய்லர் கைக்கும் போய், கைமடித்துக் கொடுக்கும் சிறுபெண்ணின் விரலையும் செக்கிங் செய்யும் தாயின் கண்ணையும் கடந்து, பெட்டியில் அடங்கித் தூத்துக்குடித் துறைமுகம் போகிறது. அந்தப் பெட்டி எந்த நாட்டுக்குப் போகிறதோ, அந்த நாடுகளில் ஒன்றின் கதையிலிருந்து தொடங்குகிறேன். பருத்திதான் அந்தக் கதைக்கும் நமக்கும் உறவு.

1861ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் போர் மூண்டது. தெற்கே இருந்து இங்கிலாந்துக்குச் சென்ற பருத்தி நின்றது. லங்காஷயர் ஆலைகள் பசியால் வாய் பிளந்தன. வெள்ளையர் கண் இந்தியாவின் கரிசல் பூமியின்மீது விழுந்தது. பஞ்சின் விலை ஏறியது, பணம் வந்தது. 1865இல் அங்கே போர் ஓய்ந்ததும் இங்கே விலை சரிந்தது. எங்கோ சுட்ட துப்பாக்கிக்கு இங்கே உழவன் வீட்டு உலை கொதித்ததும் அவிந்ததும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் போர் எதற்காக? அங்கே பருத்தி எடுத்த கைகள் அடிமைக் கைகள். ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். சந்தையில் மாட்டை விற்பதுபோல் அவர்களை விற்றார்கள். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றம் என்று தென்மாநிலங்கள் பலவற்றில் சட்டம் இருந்தது. ஆம், தோழர்களே, எழுத்துக்குத் தண்டனை! இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா? இங்கே சட்டப்புத்தகத்துக்குப் பதில் சாத்திரப்புத்தகம் இருந்தது, வேற்றுமை அவ்வளவே.

போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், நேற்றுவரை அடிமையாக இருந்தவன் வாக்களித்தான். வாக்களித்ததோடு நின்றானா? சட்டசபையில் போய் அமர்ந்தான். அப்படி அமர்ந்தவர்களுள் ஒருவர் ஹைரம் ரெவல்ஸ். பாதிரியார், பள்ளிகளை நடத்தியவர். பருத்தி நாடான மிசிசிப்பி மாநிலச் செனட்டுக்கு 1869இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மாநிலச் சட்டசபை 1870இல் 81க்கு 15 என்ற வாக்குக் கணக்கில் அவரை வாஷிங்டனில் உள்ள செனட் சபைக்கு அனுப்பியது. அச்சபையில் கால்வைத்த முதல் கறுப்பு மனிதர் அவரே.

கால்வைக்க விட்டார்களா? அங்கேதான் வேடிக்கை. "ஒன்பது ஆண்டுக் காலம் குடிமகனாக இருந்தவனே செனட்டர் ஆகலாம், கறுப்பர்கள் குடிமக்கள் அல்லர் என்று 1857இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, ஆகவே இவர் குடிமகன் ஆகிச் சில ஆண்டுகளே ஆயின" என்று சட்ட நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு வாதாடினார்கள். ரெவல்ஸ் யாருக்கும் அடிமையாகப் பிறந்தவர் அல்லர் என்பதையும் கவனியுங்கள். கதவைச் சாத்துவதற்கு முதலில் ஒரு காரணத்தைக் கட்டுவார்கள். அது சாயுமானால் இன்னொன்றைக் கட்டுவார்கள். மூன்று நாள் விவாதத்துக்குப் பின் 48க்கு 8 என்று அவர் பக்கம் வென்றது.

அவர் அங்கே இருந்தது ஓராண்டுக்குச் சற்று மேல். ஜார்ஜியா மாநிலச் சட்டசபை கறுப்பு உறுப்பினர்களை 1868இல் வெளியே தள்ளியிருந்தது. அவர்களுக்காகப் பேசியதே செனட்டில் அவருடைய முதற்பேச்சு. தலைநகர்ப் பள்ளிகளில் கறுப்புக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் பிரித்து உட்கார வைக்கக்கூடாது என்றும் வாதாடினார். 1871இல் பதவிக்காலம் முடிந்ததும் மிசிசிப்பியில் கறுப்பு மாணவர்க்கென ஏற்பட்ட அல்கார்ன் கல்லூரியின் முதல் தலைவரானார். 1901இல் மறைந்தார்.

அவரைக் குறை சொன்னோரும் உண்டு. பழைய எசமானர்களுக்கு மன்னிப்பு வழங்கலாம் என்றார். மிதவாதி, வளைந்து கொடுப்பவர் என்று அவருடைய மக்களே முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது. ஏனெனில் மன்னிக்கப்பட்டவர்கள் மன்னிக்கவில்லை. 1877இல் மத்திய அரசின் படை தெற்கிலிருந்து விலகியது. 1890இல் மிசிசிப்பி ஒரு புதிய அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. தலைவரி கட்டினால்தான் வாக்கு. அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் விளங்கிக்கொள்ளவோ வேண்டும். விளங்கியதா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார்? வெள்ளை அதிகாரி! எழுத்தை மறுத்தவர்களே எழுத்து தெரியவில்லை என்று வாக்கையும் பறித்தார்கள்.

1890 என்ற ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பியில் அந்தக் கதவு மூடப்பட்ட அதே ஆண்டு, சனவரி 27ஆம் நாள், வடஆர்க்காட்டில் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கம் என்னும் ஊரின் சேரியிலே ஒரு குழந்தை பிறந்தது. பெயர் முனுசாமி. இன்று நான் சொல்ல வந்தது அந்த முனுசாமியின் வரலாற்றைத்தான். பாதிரியாரின் கதையைச் சொல்லிவிட்டு இதற்கு வருவதற்குக் காரணம் உண்டு. இவரும் சமயத்துறவி, பள்ளி கட்டியவர், சட்டசபையில் அமர்ந்தவர்.

முனுசாமி திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். சூட்டிகையான பையன். சிகாமணி என்று அங்கே பெயரிட்டார்கள். மதம் மாறினால் மேலும் படிப்பு, மாறாவிட்டால் வெளியே என்ற நிலை வந்தது. மறுத்து வெளியேறினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. பெற்றோர் பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தார்கள். ஊரிலே குழிநிலமும் இல்லாதவர்கள் பூமிக்கடியில் குழி தோண்டப் போனார்கள். இன்று தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூர் இரயிலடியில் வந்து இறங்குகிறார்களே, அந்தப் பயணத்தின் பழைய பதிப்பு அது. பையனும் அங்கே சென்றார். பிறகு சென்னை வியாசர்பாடிக்கு வந்து, சாதி பாராமல் மாணவரை ஏற்ற கரபாத்திர சுவாமிகளிடம் சேர்ந்து, தமிழும் வடமொழியும் வேதாந்தமும் பயின்றார். முனுசாமி என்றும் சிகாமணி என்றும் அழைக்கப்பட்டவர் சகஜானந்தர் ஆனார்.

1910இல், இருபது வயதில், சிதம்பரம் வந்து சேர்ந்தார். சிதம்பரம் எப்படிப்பட்ட ஊர்? நந்தனின் ஊர் என்கிறார்கள். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய ஆதனூர் நந்தனைத் தீயில் இறங்கச் சொல்லித் தூய்மைப்படுத்திய பின்பே உள்ளே விட்டதாகப் புராணம் சொல்கிறது. உள்ளே போனவன் திரும்பி வந்ததாக அது சொல்லவில்லை! நாம் அதைப் பகுத்தறிவோடு படிக்கிறவர்கள். நாம் படிக்கும்போது கரிந்த வாடை வீசுகிறது. நந்தன் கோயிலுள் வந்த வழி தெற்கு வாயில் என்பது மக்களிடையே உள்ள நம்பிக்கை. அவ்வழியை அடைத்து நிற்கும் சுவரை அகற்றுங்கள் என்ற குரல் இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது.

அந்த ஊரிலே, நந்தன் பெயரோடு மக்கள் சேர்த்துப் பேசும் ஓமக்குளத்தின் பக்கம், சகஜானந்தர் மடம் அமைத்தார். மடம் கட்டியவர்கள் இந்நாட்டில் ஏராளம். மடத்துக்கு நிலம் சேரும், நிலத்துக்குக் குத்தகை சேரும், குத்தகையில் உடல் பெருக்கும். இவர் செய்தது வேறு. 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 25 பிள்ளைகளோடு பள்ளி திறந்தார். காவிரிக் கழனியிலே பண்ணையாள் வீட்டுப் பிள்ளை என்றால் ஆறு வயதில் மாடு மேய்க்க வேண்டும். பத்து வயதில் நாற்றுக்கட்டு சுமக்க வேண்டும். அந்தப் பிள்ளையைப் பலகை பிடிக்க அனுப்புங்கள் என்று தாய் தந்தையிடம் கேட்பதும், அவனை அனுப்பிவிடுங்கள் என்று மிராசுதாரிடம் கேட்பதும் ஒன்றல்ல. முன்னது வேண்டுகோள்; பின்னது போராட்டம். பிள்ளைகள் தங்க இடமும் உண்ணச் சோறும் வேண்டுமே! பொருள் திரட்ட ஊர் ஊராக அலைந்தார். தீயில் குளிக்கச் சொல்லி நந்தனை உள்ளே விட்ட ஊரில், குளித்துவிட்டு வா, பாடம் படிக்கலாம் என்று நந்தன் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டவர் அவர்.

அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் தொழிலாளர் துறைதான் தாழ்த்தப்பட்டோர்க்கான பள்ளிகளையும் நடத்தியது. லேபர் ஸ்கூல் என்று முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். பொதுப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டவனுக்குக் கல்வித் துறை கதவைத் திறக்கவில்லை. தொழிலாளர் துறை திறந்தது! நீ படிக்கப் பிறந்தவனல்லன், உழைக்கப் பிறந்தவன் என்பதைத் துறையின் பெயரிலேயே எழுதி வைத்தார்கள் போலும்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டசபை அமைந்தபோது, சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு. சேரியில் சொத்து ஏது? ஆகவே தாழ்த்தப்பட்டோர்க்கு நியமன இடங்கள். எம்.சி. ராஜா அவ்வழியில் வந்தார். அவரும் பள்ளி ஆசிரியரே. ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்று 1922இல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர். இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் அனைவர்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் நிறைவேற வைத்தார். நம் கோவை மாவட்டத்திலிருந்து ஆர். வீரையன் 1920களில் அந்தச் சபையில் அமர்ந்து தெருவுக்கும் கிணற்றுக்கும் வழக்காடினார். கொங்கு நாட்டு மேடைகளில் வீரையன் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்? அவருக்குத் தனியே ஒரு கூட்டம் கடன் வைத்திருக்கிறேன்.

1926இல் சகஜானந்தரும் சபைக்கு நியமிக்கப்பட்டார். தலைப்பாகையும் சரிகை அங்கவஸ்திரமும் மின்னிய மண்டபத்தில் காவித் துணி ஒன்று போய் அமர்ந்தது. பள்ளி, விடுதி, உதவித்தொகை, மனை, நிலம் என்று சபையில் அவர் குரல் கொடுத்துக்கொண்டேயிருந்தார். அந்தச் சபைத் தொடர்பு, இடைவெளிகள் நீங்கலாக, 1959 மே முதல் நாள் அவர் மறையும்வரை நீடித்தது. 1952இலும் 1957இலும் சிதம்பரம் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார்.

இங்கே சில தோழர்களின் புருவம் உயர்வதைக் காண்கிறேன். "காவி கட்டியவர், கடவுளை வணங்கியவர், காங்கிரஸ்காரர், 1927இல் காந்தியார் சிதம்பரம் வந்தபோது அவரை வரவேற்றவர். இவரைப் பற்றி நம் மேடையில் என்ன பேச்சு?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியவர்கள்தாம் நீங்கள். நந்தனைப் போற்றும் கதையிலேயே நந்தனை எரித்த கொள்ளியும் இருக்கிறது. அந்தக் கதையைக் கட்டிக்கொண்டு விடுதலை காண முடியாது என்பது என் உறுதியான கருத்து. இந்த இடத்தில் சகஜானந்தரோடு எனக்கு உடன்பாடு இல்லை. எனினும் ஒன்றைக் கேட்கிறேன். 1916இல், அந்தச் சீமையில், கடவுள் இல்லை என்று சொல்லி ஒருவர் சேரிக்குப் பள்ளி கேட்டிருந்தால் ஒரு செங்கல் கிடைத்திருக்குமா? நந்தனைக் கும்பிடுகிறாயா, அப்படியானால் நந்தன் மகனுக்குச் சோறு போடு என்று அவர்களுடைய புராணத்தை அவர்கள் முன்னே நீட்டிக் கடன் வசூல் செய்தார் அவர். ரெவல்ஸ் பாதிரியார் பைபிளை நீட்டினார். இவர் பெரியபுராணத்தை நீட்டினார். ஆயுதம் நம்முடையது அல்ல; வசூலான பள்ளி நம்முடையது.

காங்கிரஸ் பற்றியும் சொல்கிறேன். அன்று சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது உறுப்பினர் ஒருவர், தாழ்த்தப்பட்டோர் உறுப்பினர் ஒருவர். இருவரையும் தேர்ந்தெடுப்போர் ஒரே வாக்காளர்கள். அதாவது சேரிக்காகப் பேச வேண்டியவர் மிராசுதாரின் செல்வாக்குள்ள தெருவிலும் வாக்குக் கேட்டாக வேண்டும். அப்படி நிற்பவர் குரலை எவ்வளவு உயர்த்தலாம்? 1932இல் பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணத்துக்கு 30 தனி இடங்களைக் கொடுத்தது. தனி வாக்கைக் கொடுக்கவில்லை. அம்பேத்கர் அஞ்சியது இதைத்தான். மிசிசிப்பியில் மிதவாதம் பேசிய ரெவல்ஸுக்கும், சிதம்பரத்தில் மென்மையாகப் பேசியவர் என்று விமர்சிக்கப்பட்ட சகஜானந்தருக்கும் குணம் ஒன்றென்பதைவிட, நின்ற இடம் ஒன்று என்பதே பொருத்தம். கல்வியால் ஒருவன் உயர்ந்தால் ஊர் மாறிவிடும் என்று அவர் நம்பினார். நான் அவ்வளவு நம்பிக்கைக்காரன் அல்லன்.

ஏன் அல்லன்? 1996இல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் வென்றார். 1997 சூன் 30ஆம் நாள் அவரும் அவரோடு ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஜார்ஜியாவில் சபையிலிருந்து தள்ளினார்கள். இங்கே உலகத்திலிருந்தே தள்ளினார்கள். பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டுக் காலம் ஒழுங்கான தேர்தலே நடவாமல் பார்த்துக்கொண்டார்கள், 2006இல்தான் நடந்தது.

"அது மதுரைப் பக்கம், நம் திருப்பூர் தொழில் நகரம், மிஷினுக்குச் சாதி தெரியாது" என்று சிலர் சொல்வர். மிஷினுக்குத் தெரியாது, மெய்தான். இந்த மாவட்டத்துக்குள்ளே, அவிநாசி வட்டத்தில், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், 2018 சூலையில் என்ன நடந்தது? அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு தாய் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்று கிளர்ந்தார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? கிளர்ந்தவர்களை விட்டுவிட்டு, சமைக்க வந்தவரை மாற்ற உத்தரவிட்டார்கள்! எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த உத்தரவு விலக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. நூற்றாண்டுக்கு முன் நந்தன் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. இப்போது பள்ளி இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, சோறும் இருக்கிறது. அகப்பை பிடித்த கை எது என்று பார்க்கிறார்கள்.

அந்த ஊரில் எதிர்த்து நின்றவர்களுள் சிலர் காலையில் இதே திருப்பூருக்குப் பஸ் ஏறி, பனியன் கம்பெனியில், எந்தக் கை தைத்தது என்று கேளாமல் துணியை வாங்கி அடுத்த மேசைக்குத் தள்ளுகிறவர்களாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் எட்டு மணி நேரம் ஒன்றாகத் தைத்துவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் வேறு வேறாகிவிடும் தொழிலாளியை வைத்துக்கொண்டு எந்தக் கூலிப் போரை நாம் வெல்வது? 1984இல் பஞ்சப்படிக்காக மாதக்கணக்கில் மிஷினை நிறுத்தி நின்ற ஊர் இது. அந்த நாட்களில் கஞ்சித்தொட்டிக்கு முன் வரிசையில் நின்றவர்கள், கஞ்சி காய்ச்சியவர் யார் என்று கேட்டிருந்தால் போராட்டம் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

ஆகவே இந்த வட்டாரத் தோழர்களிடம் ஒரு வேலையைக் கேட்டு வாங்க வந்தேன். உங்கள் பகுதியில் உள்ள ஆதிதிராவிடர் நல விடுதிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். எத்தனை இடம், எத்தனை பிள்ளைகள், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, காப்பாளர் இரவில் தங்குகிறாரா என்று பார்த்து எழுதுங்கள். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் யார் சமைக்கிறார்கள், மாற்றலுக்கு ஆளானோர் உண்டா என்று கேளுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருக்கும் காம்பவுண்டுகளில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். எழுதியதைச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டியவர் கையில் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். சகஜானந்தர் போன்றவர்கள் சபையில் கேள்வி எழுப்பியதற்குக் கணக்கு வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைச் சேரியில் நடந்தவன் கால்தான் கொடுத்திருக்க முடியும்.

மராட்டியத்துச் சோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' என்ற நூலை வெளியிட்டார். அடிமைத்தனம் என்று பொருள். அதை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு. பூனாவில் இருந்த ஒரு மாலி சாதிக்காரருக்கு மிசிசிப்பியின் பருத்திக் காடு அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது. அமெரிக்கக் கடைக்குப் பனியன் தைக்கிற நமக்கு அவிநாசி எவ்வளவு தூரத்தில் தெரிகிறது?

பேச்சு முடிந்ததும், செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தங்கை எழுந்து, "அந்தச் சாமியார் பள்ளிக்கூடம் இப்பொழுதும் இருக்கிறதா, ஐயா? பொம்பளப் பிள்ளைகள் படிக்கலாமா?" என்று கேட்டார். இருக்கிறதம்மா. நந்தனார் பெயராலேயே சிதம்பரத்தில் அரசு மேல்நிலைப்பள்ளி நடக்கிறது; பெண்களுக்கென்று தனிப்பள்ளியும் உண்டு. சகஜானந்தருக்கு ஒரு மணிமண்டபமும் கட்டியிருக்கிறார்கள். போகிறவர்கள் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்; கடலூர் பஸ்ஸோ இரயிலோ பிடித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்த் திரும்புவது கடினம், முதல்நாள் இரவே புறப்பட வேண்டும்.